பெங் காய் என்னும் நிறுவனம்

எங்கள் தெருவில் ஒரு நிறுவனம் இருக்கிறது. அதன் பெயர் பெங் காய். உயரம் கொஞ்சம் குறைவு, தொப்பை கொஞ்சம் அதிகம். சனிக்கிழமை மதியங்களில் என் கராஜுக்கு மாஜோங் என்னும் சீனக் காயாட்டம் ஆட வரும். தோற்றால் அதற்கு முகம் சிவந்துவிடும்.

அரசாங்கம் அறிவிப்பதற்கு முன்னால் அது மனிதனாகத்தான் இருந்தது. இனிமேல் 'அவன்' என்று சொன்னால் சட்டப்படி குற்றமா என்று அதிகாரி வாட்லியிடம் கேட்டேன். மேலிடத்தில் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். மேலிடம் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறது. பதில் வரும்வரை நான் 'அவன்' என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

நாங்கள் இருவரும் சீனாவின் செங்டு ஊர்க்காரர்கள். இங்கே அமெரிக்காவில், ஃப்ரீமாண்டில் அடுத்தடுத்த வீடு. நான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். பெங் காய், செயற்கை அறிவுக் கணினிகளை அடுக்கிவைத்திருக்கும் ஒரு பெரிய கட்டடத்தில் குளிரூட்டும் காற்றாடிகளைப் பழுது பார்ப்பவன். அந்தக் கட்டடத்துக்குள் என்ன யோசிக்கப்படுகிறது என்று அவனுக்குத் தெரியாது. யோசித்தால் சூடாகிறது என்பது மட்டும் தெரியும். அவன் அமெரிக்கக் குடிமகன் ஆகிவிட்டான். அவன் மனைவி ருயீலான் ஆகவில்லை. அவள் அம்மா செங்டுவில் இருக்கிறாள். அம்மாவுக்குத் தலைவலி என்றால்கூட விசாவுக்கு வரிசையில் நிற்க முடியாது என்று சொல்லிச் சீனப் பாஸ்போர்ட்டையே வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அப்போதுதான் உண்டாகியிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்து அறிவுப் பிரிவினைச் சட்டம் வந்தது. ஒரு நாட்டின் அறிவு மற்ற நாட்டுக்குப் போகக் கூடாது, ஒரு நாட்டின் பணம் மற்ற நாட்டின் அறிவில் முதலீடாகக் கூடாது என்பது சாரம். நாடுகளுக்கு அறிவு வருவதே அபூர்வம், வந்ததைப் பத்திரப்படுத்தட்டுமே என்றுதான் நானும் நினைத்தேன். கடல் தாண்டிக் கோடி கோடியாகக் கொட்டிய பெரிய முதலீட்டு நிறுவனங்களைத்தான் பிடிப்பார்கள் என்று தெருவில் பேசிக்கொண்டோம். அவர்களிடம் வக்கீல்கள் இருந்தார்கள். பெங் காயிடம் ஸ்குரூ டிரைவர் இருந்தது.

சட்டப்படி அந்தக் கட்டடத்துக்குள் நுழைய அட்டை வைத்திருக்கும் எல்லோரையும் பிரிவினை அலுவலகம் விசாரித்தது. பெங் காயை விசாரித்தவர்தான் வாட்லி.

இங்கே எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செங்டு ஆண்களுக்கு 'மெத்துக்காது' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. பெண்டாட்டி பேச்சுக்கு வளைந்துகொடுக்கும் காது என்று பொருள். மற்ற ஊர்களில் ஓர் ஆணை இப்படிச் சொன்னால் கைகலப்பு ஆகும். எங்கள் ஊரில் மார்தட்டிக்கொள்வார்கள். யாருடைய காது அதிகம் மெத்து என்பதில் மாஜோங் மேசையில் போட்டியே நடக்கும். பெங் காய் அதில் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

"வீட்டுல முடிவெல்லாம் யார் எடுக்கறது, மிஸ்டர் பெங்?" என்று வாட்லி கேட்டார்.

பக்கத்து மேசையில் டெக்ஸஸ்காரன் ஒருவன் அதே கேள்விக்கு, "நான்தான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். பெங் காய் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"எல்லாமே என் வீட்டுக்காரிதான் சார்."

"எல்லாமேன்னா?"

"என்ன சாப்பிடணும், எந்தச் சட்டை போடணும், யாரோட பழகணும், எல்லாமே. சம்பளம் வந்ததும் அப்படியே அவ கையில குடுத்துடுவேன்."

"நீங்களா எதையும் யோசிக்கறதில்லையா?"

"நான் எதுக்கு சார் யோசிக்கணும்? என் மூளையே அவகிட்டதான இருக்கு!"

பெங் காய் சிரித்தான். ஊரில் என்றால் இந்த இடத்தில் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்திருப்பார்கள். வாட்லி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

அடுத்த வாரம் ஆணை வந்தது. செயற்கை அறிவுத் துறையில் இயங்கும் எந்த அமைப்பிலும் பாதிக்கு மேற்பட்ட முடிவுகளை எதிரி நாட்டுக் குடிமகன் எடுத்தால், அது எதிரி நாட்டுக் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனம். பெங் காய் துறையில் இயங்குகிறான். அவன் முடிவுகள் எல்லாம் ருயீலான் எடுப்பவை. அவன் மூளையும் அவளிடம் இருப்பதாக வாக்குமூலம் இருக்கிறது. ஆகவே அவன் ஒரு நிறுவனம். குழந்தை பிறப்பதற்குள் அவன் அவளுடைய கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டு நிரூபிக்க வேண்டும். தவறினால் அவன் அரசுப் பாதுகாப்பு விடுதிக்குப் போக வேண்டும், அவள் விமானம் ஏற வேண்டும்.

ருயீலான் ஆணையைப் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"லாவோ பெங், உன்ன யாரு வாயத் தொறக்கச் சொன்னது?"

"நீதான. அதிகாரிங்க கேட்டா மறைக்காம சொல்லுன்னு."

"நான்தான் சொன்னேங்கறதையும் அந்தாள்கிட்ட சொல்லித் தொலைச்சியா?"

"கேட்டாரு. சொன்னேன்."

ருயீலான் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மறுநாள் வாட்லி ஒரு பெட்டியோடு வந்து அவர்கள் வீட்டு சோஃபாவில் குடியேறினார். முடிவுகள் யாருடையவை என்று கண்காணிப்பது அவர் வேலை. கணவனும் மனைவியும் எங்கள் ஊர்ப் பேச்சில் பேசுவது அவருக்குப் புரியவில்லை. அலுவலகம் கொடுத்த மொழிபெயர்ப்புக் கருவியின் காது எதிரி நாட்டில் செய்யப்பட்டது என்று கண்டுபிடித்து, அதே சட்டத்தின் கீழ் அதைத் தடை செய்திருந்தார்கள். அதனால் என்னைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டு மொழிபெயர்ப்பாளன் ஆக்கினார்கள். சம்பளம் கிடையாது, கழுத்தில் மாட்ட அட்டை உண்டு.

வாட்லி நல்ல மனிதர். அதுதான் எங்கள் கெட்ட காலம். கெட்டவர்களுக்குச் சட்டத்தைக் கடைசிப் பக்கம்வரை படிக்கும் பொறுமை இருப்பதில்லை. இவர் படித்திருந்தார். வந்த அன்றே சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் மஞ்சள் நாடா ஒட்டினார். அந்தப் பக்கம் அவளுடையது, இந்தப் பக்கம் அவனுடையது. அவள் வைத்த மாப்போ டோஃபு குழம்பு நாடாவைத் தாண்டினால் அது இறக்குமதி. பெங் காய் சாப்பிட்ட தட்டைத் திருப்பிக் கொடுத்தால் அது ஏற்றுமதி. மனைவி துடைத்து வைத்த மேசையில் கணவன் முழங்கையை ஊன்றலாமா என்பதற்கு மட்டும் விதி இல்லாததால் வாட்லி அன்று நிம்மதியில்லாமல் தூங்கினார்.

வேலை முடிந்து பெங் காய் வந்தான். ருயீலான் எப்போதும் கேட்பதுபோல் கேட்டாள்.

"இன்னிக்கி அங்க ரொம்ப சூடா இருந்துச்சா?"

நான் மொழிபெயர்த்தேன். வாட்லி சோஃபாவிலிருந்து துள்ளி எழுந்தார்.

"பதில் சொல்லாதீங்க மிஸ்டர் பெங்! சூடு எவ்வளவுன்னு தெரிஞ்சா மெஷின் எவ்வளவு யோசிச்சுதுன்னு கணக்குப் போட்டுடுவாங்க!"

"அவ என் உடம்பைப் பத்திக் கேக்கறா சார்."

"நோக்கம் முக்கியமில்ல. காதுல விழுந்தாலே ஏற்றுமதிதான்."

அன்றிலிருந்து சூடு, வியர்வை, களைப்பு மூன்றும் அந்த வீட்டில் தடைப்பட்ட சொற்கள். இருவரும் நாடாவின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்ப்பதைப் பற்றி விதியில் எதுவும் இல்லை. எனக்கு மொழிபெயர்க்கவும் எதுவும் இல்லை.

பிறகு முடிவெடுக்கும் பயிற்சி ஆரம்பமானது.

"இன்னிக்கி என்ன சாப்பாடு? நீங்களே சொல்லுங்க," என்றார் வாட்லி.

பெங் காய் வழக்கப்படி மனைவி பக்கம் திரும்பினான்.

"அந்தப் பக்கம் பாக்கக் கூடாது."

"நூ... நூடுல்ஸ்?"

"என்னைக் கேக்காதீங்க. முடிவா சொல்லுங்க."

"சாண்ட்விச்," என்றான் பெங் காய், அழாக்குறையாக. எங்கே தேடினான் என்று தெரியவில்லை, வாட்லியின் மடியில் இருந்ததைப் பார்த்திருப்பான். "மொளகா எண்ணெய் இல்லாம" என்றும் சேர்த்துக்கொண்டான். அதுவும் ஒரு முடிவாகக் கணக்கில் வரும் என்று அவனுக்கு ஆசை.

வயிற்றுப் பிள்ளையோடு இருக்கும் செங்டுக்காரி ஒருத்தி மிளகாய் எண்ணெய் இல்லாமல் காய்ந்த ரொட்டியைத் தின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். பெங் காய் என் கராஜுக்கு வந்து பழைய டயர்மேல் உட்கார்ந்து அழுதான். "லுவோ அண்ணே, என்னால முடியாது. நான் எது சொன்னாலும் தப்பாத்தான் வருது. எனக்கு எது புடிக்கும்னு அவளுக்குத்தான் தெரியும்." எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அவன் சொன்னது பொய்யில்லை.

ருயீலான் சும்மா இருக்கிறவள் இல்லை. அடுத்த சனிக்கிழமை மாஜோங் ஆடும்போது மூங்கில் காயைப் போட்டால் மீன், வட்டக் காயைப் போட்டால் பன்றிக்கறி, சிவப்பு டிராகன் என்றால் மறுத்துப் பேசு என்று கணவனோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். இரண்டு வாரம் பெங் காய் பிரமாதமாக முடிவெடுத்தான். தொட்டில் வாங்கினான், திரைச்சீலையை மாற்றினான், "நான் சொல்றதுதான் இந்த வீட்டுல நடக்கணும்" என்றுகூட ஒருமுறை சொன்னான். வாட்லிக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அவர் மாஜோங் கற்றுக்கொண்டிருந்தார். அதை யாரும் கவனிக்கவில்லை.

"மிசஸ் பெங்," என்றார் ஒரு நாள், மிகுந்த வருத்தத்தோடு. "ஜெயிக்க வேண்டிய ஆட்டத்துல யாராவது சிவப்பு டிராகனை வீசுவாங்களா?"

எல்லா முடிவுகளும் ருயீலானின் கணக்குக்குத் திரும்பின. மறைத்ததற்காகக் கூடுதலாகவும் சில சேர்ந்தன.

இதற்கு நடுவில் மறுகரையும் விழித்துக்கொண்டது. அங்கேயும் இதே சட்டம், பெயர் மட்டும் கொஞ்சம் நீளம். சீனத் தூதரகத்திலிருந்து ஒருவர் வந்து வாசலிலேயே நின்று பேசினார். உள்ளே வந்தால் நாடாவின் எந்தப் பக்கம் நிற்பது என்பதற்கு அவருக்குத் தலைநகரிலிருந்து உத்தரவு வரவில்லை.

"தோழர் டாங் ருயீலான், ஒரு அமெரிக்கச் செயற்கை அறிவு நிறுவனத்தைத் தனி ஆளா கைப்பற்றியிருக்கீங்க. தாயகம் பெருமைப்படுது."

"கைப்பற்றலைங்க. கல்யாணம் பண்ணிக்கிட்டேன்."

"அடக்கம் நல்லதுதான். ஆனா வெளிநாட்டுல முதலீடு பண்றதுக்கு முன்னாடி அனுமதி வாங்கணுமே, வாங்கலையே?"

"என்ன முதலீடு?"

"உங்க இளமை, உங்க உழைப்பு, உங்க சமையல். எல்லாம் தேசத்தோட மூலதனம். அது இந்த நிறுவனத்துக்குள்ள பல வருஷமா போயிட்டிருக்கு." அவர் பெங் காயின் தொப்பையைச் சுட்டிக்காட்டினார். "கண்ணுக்கே தெரியுது."

அனுமதி பெறாத முதலீட்டை உடனே திரும்பப் பெற வேண்டும், தவறினால் பாஸ்போர்ட் புதுப்பிக்கப்படாது என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாடுகளும் எதிரிகள் என்று சொல்கிறார்கள். எனக்கு அன்று நம்பிக்கை போய்விட்டது. இவ்வளவு ஒற்றுமையை நான் சம்பந்தி வீடுகளில்கூடப் பார்த்ததில்லை.

வாஷிங்டனுக்குப் போய் முறையிடுங்கள், அங்கே சட்டம் எழுதியவரே இருக்கிறார் என்று வாட்லிதான் யோசனை சொன்னார். பெங் காயை நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சியாக அழைத்தார்கள். மொழிபெயர்க்க நானும் போனேன். ருயீலானுக்கு எட்டாம் மாதம் முடிந்துவிட்டதால் வரவில்லை.

பெரிய மண்டபம். உயர்ந்த மேடையில் உறுப்பினர்கள், பள்ளத்தில் பெங் காய். ஒவ்வொரு உறுப்பினரும் கேமராவைப் பார்த்து ஐந்து நிமிடம் கோபப்பட்டு, "என் மீதி நேரத்தை அவைக்குத் திருப்பித் தருகிறேன்" என்று மீதியே இல்லாத நேரத்தைத் திருப்பித் தந்துவிட்டு எழுந்து போனார். பெங் காயிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கடைசியில் தலைவர் ப்ராக்டன் பேசினார். சட்டத்தை எழுதியவர் அவர்தான்.

"எனக்குச் செயற்கை அறிவுன்னா என்னன்னு தெரியாது," என்று கம்பீரமாக ஆரம்பித்தார். "தெரியாததுனால பயம் வந்துச்சு. பயம் வந்ததுனால சட்டம் வந்துச்சு. இது ஒரு தலைவனோட கடமை. பெரிய முதலீட்டாளர்களை ஏன் தொடலைன்னு கேக்கறாங்க. தொட்டா சந்தை விழுந்துடும். சந்தை விழுந்தா என்னைத் தேர்ந்தெடுத்தவங்க அழுவாங்க. அதனால சின்னதுலேர்ந்து ஆரம்பிக்கிறோம். நானே முன்னுதாரணமா நின்னேன். எதிரி நாட்டுப் பங்குகளைச் சட்டம் வர்றதுக்கு முந்தின வாரமே நல்ல விலைக்கு வித்துட்டேன். அந்த வாரம்தான் விக்கணும்னு எனக்கு எப்படித் தெரிஞ்சுது? தேசபக்தி!"

மண்டபத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பெங் காயும் தட்டினான், எல்லோரும் தட்டுகிறார்களே என்று. பிறகு எழுந்து நின்று, கேட்க வந்ததைக் கேட்டான்.

"ஐயா, நான் வேலையையே விட்டுடறேனே. காத்தாடிதான ரிப்பேர் பண்றேன். நூடுல்ஸ் கடையில பாத்திரம் கழுவிப் பொழைச்சுக்கறேன். எங்களைப் பிரிக்காதீங்க. அடுத்த மாசம் குழந்தை பிறக்கப்போகுது."

"வேலையை விடச் சொன்னது யாரு? உங்க மனைவியா?"

பெங் காய் பழக்கத்தில் மனைவியைத் தேடித் திரும்பினான்.

"உங்க மனைவி சொல்லி விட்டீங்கன்னா, எதிரி நாடு நம்ம திறமையாளரைத் தூண்டிவிட்டு விலக்கின குற்றம். பதினெட்டாம் பிரிவு. நீங்களே முடிவெடுத்து விட்டீங்கன்னா, நீங்க சுதந்திரமானவர். சுதந்திரமானவர் எதுக்கு வேலையை விடணும்?" ப்ராக்டன் இரண்டு பக்கமும் பார்த்துப் புன்னகைத்தார். "ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

பெங் காய் என்னைப் பார்த்தான். இதற்கு எந்த மொழியில் பதில் சொன்னாலும் மாட்டிக்கொள்வான். எனக்கு மேசையில் இருந்த தண்ணீர் ஜாடியை எடுத்து மேடையை நோக்கி வீச வேண்டும்போல் இருந்தது. கழுத்தில் அட்டை தொங்கிக்கொண்டிருந்ததால் வீசவில்லை.

திரும்பி வந்ததும் வாட்லி மறுபடி சட்டத்தை எடுத்து உட்கார்ந்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை. கடைசிப் பக்கங்களில் ஒரு சலுகையைக் கண்டுபிடித்தார். கட்டுப்படுத்துபவரின் வெளிப்படையான விருப்பத்துக்கு எதிராக, அதிகாரியின் கண்முன்னால் ஒரே ஒரு பெரிய முடிவை எடுத்தால் போதும், நிறுவனம் சுதந்திரமானது.

"ஒரே ஒரு தடவை மிஸ்டர் பெங். அவங்க வேண்டாம்கறதை நீங்க செய்யணும். நடிப்பு செல்லாது."

பெங் காய் முயன்றான். மனைவி வேண்டாம் என்ற விளக்கை வாங்கப் போய்க் கடை வாசல்வரை நடந்து திரும்பி வந்தான். சண்டை போட வாயைத் திறந்து தும்மினான். குழந்தை பிறக்கும் நாள் நெருங்கியது.

ஒரு முற்பகலில் வலி கண்டது. ஆஸ்பத்திரியில் ருயீலானை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெங் காய், வாட்லி, நான். உள்ளேயிருந்து ருயீலான் கத்தினாள்.

"லாவோ பெங்! எங்க இருக்க? உள்ள வா!"

பெங் காய் கதவை நோக்கிப் பாய்ந்தான். வாட்லி என்னைப் பார்த்தார். நான் சத்தியம் செய்தவன். மொழிபெயர்த்தேன்.

"மிஸ்டர் பெங்," என்றார் வாட்லி. "இப்ப உள்ள போனா அது கீழ்ப்படியறது. இதுதான் கடைசி முடிவாப் பதிவாகும். நாளைக்கே அவங்க விமானத்துல இருப்பாங்க. நான் எழுதாம இருக்க முடியாது."

பெங் காய் கதவுப் பிடியில் கை வைத்தபடி அப்படியே நின்றான். உள்ளே மறுபடி அலறல். அவன் நெற்றியைக் கதவில் முட்டிக்கொண்டான். "ருயீலான், வந்தா உன்னக் கூட்டிட்டுப் போயிடுவாங்க!" என்று கத்தினான்.

உள்ளே நர்ஸ் ஏதோ கேட்டாள். பிறகு ருயீலானின் குரல், அந்த வலியிலும் தெளிவாக வந்தது.

"வராத! உள்ள காலெடுத்து வெச்ச, ஒடச்சு அடுப்புல வெச்சிடுவேன்! நீ இங்க வரவே கூடாது!"

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லைக்கூட விடவில்லை. வாட்லி நிமிர்ந்தார்.

பெங் காய் என்ன செய்தான் தெரியுமா? ஓர் அடி பின்னால் போனான். அவள் பேச்சைக் கேட்டே பழகிய உடம்பு. மொழிபெயர்ப்பாளன் யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. இருமுவதற்குத் தடையில்லை. நான் இருமினேன். நுரையீரல் வெளியே வரும் அளவுக்கு இருமினேன். அவன் என்னைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், அவன் முகம் மாறியது. கல்யாணமான நாளிலிருந்து முதல் முறையாக மனைவி சொல்லை மீறிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனான். உள்ளே அவள் அவனைத் திட்டிய திட்டை நான் மொழிபெயர்க்கவில்லை, என் வயதுக்கு அது அழகில்லை. கொஞ்ச நேரத்தில் குழந்தை அழுதது. பெண் குழந்தை. வாட்லி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சுதந்திரமானது" என்று எழுதினார்.

பிள்ளை பெற்றவள் எங்கள் வழக்கப்படி ஒரு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது, தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது. உதவிக்கு வர நினைத்த ருயீலானின் அம்மாவுக்கு விசா மறுத்துவிட்டார்கள். பெங் காயே புளித்த அரிசியில் முட்டை போட்டுக் காய்ச்சிக் கொடுத்தான், பன்றிக்கால் சூப் வைத்தான். வாட்லி மஞ்சள் நாடாவைப் பிரித்தெடுத்துவிட்டு, சூப்பைச் சான்றுக்காக மாதிரி எடுப்பதாகச் சொல்லி மூன்று கிண்ணம் மாதிரி எடுத்தார். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. சூடு என்ற சொல்லைக்கூட ருயீலான் இரண்டொரு முறை சொன்னாள்.

மாதம் முடியுமுன் அலுவலகத்தின் தீர்ப்பு வந்தது. வாட்லி நின்றுகொண்டே படித்தார். பெங் காய் சுதந்திரமான அமெரிக்க நிறுவனம் என்று அலுவலகம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. ஆகவே அந்தக் குழந்தை, ஒரு சுதந்திரமான அமெரிக்க நிறுவனமும் எதிரி நாட்டுக் குடிமகளும் முன் அனுமதியின்றித் தொடங்கிய கூட்டு முயற்சி. கூட்டாளிகள் உடனடியாகப் பிரிக்கப்பட வேண்டும். கூட்டு முயற்சியின் விளைபொருள் நடுநிலையான இடத்தில் வைக்கப்படும்.

"எங்க சார் வைப்பாங்க?" என்றான் பெங் காய். அவனுக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

"தெரியல."

"நான் சுதந்திரமானவன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அதனாலதான். அவங்க கட்டுப்பாட்டுலயே இருந்திருந்தா குழந்தை அவங்க உள்விவகாரம். யாரும் தொட முடியாது." வாட்லி தலையைக் குனிந்துகொண்டார். "அவங்க கூப்பிட்டப்பவே நீங்க போயிருக்கணும் மிஸ்டர் பெங்."

பெண்டாட்டி பேச்சைக் கேட்டிருக்க வேண்டும் என்பதை எங்கள் ஊரில் கேட்டிருந்தால் இலவசமாகச் சொல்லியிருப்பார்கள்.

பெங் காய் கட்டிலருகே போனான். "ருயீலான், என்ன பண்ணட்டும்?"

வாட்லியின் கை, பழக்கத்தில், பேனாவைத் தேடியது. ருயீலான் அதைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் சொல் வைத்திருந்தவள், குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் தோள் குலுங்கியது. அவள் வாயிலிருந்து ஒரு சொல் வந்தாலும் அது அவனுக்கு எதிராக எழுதப்படும் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு ஆத்திரமாக வந்தது.

பெங் காய் வாட்லி பக்கம் திரும்பினான்.

"சார், எதிரி நாட்டுக்காரங்க ஒரு அமெரிக்க நிறுவனத்தை விலைக்கு வாங்கணும்னா என்ன பண்ணணும்?"

"மனு போடணும். அலுவலகம் பரிசீலிக்கும்."

"பரிசீலனை முடியறவரைக்கும்?"

"எதையும் அசைக்கக் கூடாது. வாங்கறவர், விக்கறவர், சொத்து எல்லாம் இருந்த எடத்துல இருந்தபடி..." வாட்லி பாதியில் நிறுத்தினார்.

"எவ்வளவு நாள் ஆகும்?"

"இதுவரைக்கும் ஒண்ணுகூட முடிஞ்சதில்ல."

"அப்ப எழுதுங்க. பெங் காய்ங்கற நிறுவனம் விற்பனைக்கு. முழுசா. தலையிலேர்ந்து கால்வரைக்கும். வாங்கறவ டாங் ருயீலான்."

கையெழுத்துப் போட்டான். கட்டிலிலிருந்து குரல் வந்தது. "லாவோ பெங், யாரைக் கேட்டுக் கையெழுத்துப் போட்ட?"

"யாரையும் கேக்கல."

"அந்தப் பேனா மை ஒழுகுது பாரு, சட்டையெல்லாம் ஆக்கிட்ட," என்றாள் ருயீலான். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

மனு பரிசீலனையில் இருக்கிறது. எதுவும் அசையக் கூடாது என்பதால் பெங் காய் இன்னும் அதே காற்றாடிகளைத்தான் பழுது பார்க்கிறான். வீட்டை விற்க முடியாது, ஊருக்குப் போக முடியாது. ருயீலானின் அம்மா இறந்தபோது அவள் என் கராஜில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு இறுதிச் சடங்கைப் பார்த்தாள். குழந்தைக்கு முறையாகப் பெயர் வைப்பதும் மாற்றம் என்று அலுவலகம் சொல்லிவிட்டதால் டாங்யுவான் என்ற செல்லப் பெயரோடு வளர்கிறாள். சர்க்கரைக் கொழுக்கட்டை என்று அர்த்தம். பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறாள். அவளுக்கு முதலில் சோறு ஊட்டியவர்களில் வாட்லியும் ஒருவர். மாஜோங்கில் இப்போது அவரை ஜெயிக்க முடிவதில்லை.

போன மாதம், ஆண்டுதோறும் செய்ய வேண்டிய சோதனை வந்தது. வீட்டில் பேசத் தெரிந்த எல்லோரிடமும் கேட்க வேண்டும் என்பது விதி. டாங்யுவான் பேச ஆரம்பித்திருந்தாள். வாட்லி தரையில் மண்டி போட்டு உட்கார்ந்து, குரலைக் குழைத்துக் கேட்டார்.

"கண்ணு, இந்த வீட்டுல யார் சொல்றபடி எல்லாரும் நடக்கறாங்க?"

குழந்தை அம்மாவைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. பிறகு கையை நீட்டி வாட்லியின் மூக்கைத் தொட்டது.

மொழிபெயர்க்க எதுவும் இல்லை. வாட்லியை நல்ல மனிதர் என்று சொன்னேன் அல்லவா, யார் மூக்கு என்று அப்படியே எழுதி அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை, வாட்லியைக் கண்காணிக்க இன்னொரு அதிகாரி பெட்டியோடு வந்து இறங்கினார். எங்கே படுப்பது என்று சுற்றிப் பார்த்தார். சோஃபாவில் வாட்லி இருந்தார்.

பெங் காய் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"இன்னொரு கிண்ணம் எடுத்து வை," என்றாள் ருயீலான்.

புதியவர் பேனாவைத் திறந்தார்.